பிறந்த தேதி தெரியாதவர்களின் அமலா மேடம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்ட்டரிலிருந்து செல்வி பேசினார். ஞாயிற்றுக்கிழமை செல்வி கூப்பிட்டால் பிரிண்ட்டர் மக்கர் செய்கிறது என்று அர்த்தம். அதனால், "இன்னாம்மா, பேப்பர் சிக்கிக்கிச்சா?" என்று சலிப்போடுதான் கேட்டேன். "சார், அமலா மேடம் தவறிட்டாங்க சார். வூட்டுலயே, தூக்கத்துல" என்றார். அந்தச் சலிப்போடு போனை எடுத்ததற்காக இந்த நிமிடம்வரை எனக்கு என் மேலேயே கோபமாக இருக்கிறது.

அமலோற்பவ மேரி என்பது அவருடைய முழுப்பெயர். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் புழங்கியதில்லை. செஞ்சியில் நாற்பது படுக்கை கொண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நோயாளிப் பதிவுப் பிரிவின் பொறுப்பாளராக இருபத்தேழு வருடம் இருந்தார். தொண்டூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ராயப்பன் குடும்பத்தோடு இருந்தார். கணிதத்தில் பட்டம் பெற்றவர். தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, எட்டு மணிக்கு முன்பே இருக்கையில் இருப்பார். ஐம்பத்தாறு வயது என்பது போகிற வயதே இல்லை.

நான் செஞ்சி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். சொந்த ஊர் சிங்கவரம். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை பதினைந்து வருடமாக என்னிடம் இருக்கிறது. அதாவது, அமலா மேடத்தோடு பதினைந்து வருடம் சண்டை போட்டவன். எனக்கும் அவருக்கும் வயதில் இரண்டு வருடம்தான் வித்தியாசம் என்பதால் சண்டையில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பே சண்டையில்தான் தொடங்கியது. முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில் சர்வர் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். துடைப்பம் உள்ளே போகக்கூடாது, ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். நான் போன நேரம் வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒரு கிண்ணத்தில் வைத்து நீட்டினார். நன்றி சொல்லி ஒன்றை உரிக்கப் போனேன். "வெளிய போய் சாப்டுட்டு வாங்க மணி சார். உள்ள தோலு உழக்கூடாது" என்றார். பேர் சொல்லி, சாரும் போட்டு, வெளியேயும் அனுப்பிவிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன். டேட்டாபேஸ் என்பது நோயாளிகளின் விவரங்களையெல்லாம் அடுக்கிவைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற மென்பொருள். அதைச் செய்கிறவர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிய வெர்ஷன் வெளியிடுவார்கள். பழையதை ஒரு கட்டத்தில் கைவிட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அதில் ஓட்டை தெரிந்தாலும் அடைக்க மாட்டார்கள். மேடத்தின் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது கைவிடப்பட்டுப் பல காலம் ஆன வெர்ஷன்.

"மேடம், இதுக்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு. செஞ்சவனே கை கழுவிட்டான்" என்றேன்.

"முடிஞ்சா இன்னா ஆவும்?"

"பிரச்சினைன்னா யாரும் வரமாட்டாங்க."

"சப்போர்ட் இருந்தப்ப மட்டும் யாரு வந்தாங்க? ஒருத்தராவது திண்டிவனம் தாண்டி வந்தாங்களா?"

வெளி ஆட்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள், வைரஸ் வரும் என்றெல்லாம் அடுக்கினேன். அந்த சர்வர் இன்டர்நெட்டில் இணைக்கப்படவே இல்லை என்று காட்டினார். பென் டிரைவ் செருகும் துளைகளைக்கூட பிளாஸ்திரி ஒட்டி அடைத்து வைத்திருந்தார். பிறகு அவர் கேட்ட கேள்விகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. "மாத்தலன்னா இன்னா ஆவும்னு சொல்லிட்டீங்க. மாத்தினா எது எது ஒடையும்? தப்பாப் போச்சுன்னா எவ்ளோ நேரத்துல பழசுக்குத் திரும்பலாம்?" மாற்றுவது எப்படி என்று மட்டுமே தெரிந்த எனக்குத் திரும்பி வருவதைப் பற்றிய யோசனையே அதுவரை வந்ததில்லை. "அதெல்லாம் தப்பாப் போகாது மேடம்" என்றேன். "அப்ப வேணாம்" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் வருடத்துக்கு இரண்டு முறையாவது இந்தப் பேச்சை எடுப்பேன். அவர் அதே கேள்வியைக் கேட்பார். நான் கோபித்துக்கொண்டு போவேன். மறுநாள் கடைக்கு ஒரு பை மல்லாட்டை வந்து சேரும். வீட்டில் என் மனைவி, "அந்த மேடத்தோட சண்டை போட்டுட்டே இருங்க, நமக்கு மல்லாட்டை வாங்கற வேலை மிச்சம்" என்பாள்.

இங்கே ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வயதானவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. அடையாள அட்டை எடுக்கும்போது யாரோ ஒருவர் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டுப் போயிருப்பார். மேடத்துக்கு அது பிடிக்காது. "ஊரே சேந்து ஜனவரி ஒண்ணாந்தேதியா பொறந்துது? தெரியாததைத் தெரியாதுன்னு போட ஒரு எடம் வேணும்" என்பார். ஆனால் ஆஸ்பத்திரியின் பதிவு புரோகிராம், பிறந்த தேதிக் கட்டத்தை வெறுமனே விட அனுமதிக்காது. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். மேடம் ஒரு வழி கண்டுபிடித்தார். நாள் பூஜ்யம், மாதம் பூஜ்யம், வருடம் பூஜ்யம். அந்தப் பழைய டேட்டாபேஸ் அப்படியொரு தேதியை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. தெரியாதவர்கள் எல்லாருக்கும் பூஜ்யம்தான். கவுண்ட்டரில் இருப்பவர்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் எங்கேயும் அது எழுதி வைக்கப்படவில்லை. எனக்கும் தெரியாது.

அந்த நான்காவது வருடம் மேடம் வேளாங்கண்ணிக்கு நான்கு நாள் விடுப்பில் போனார். அப்போது புதிதாக வந்திருந்த நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "ஏன் இவ்வளவு பழைய வெர்ஷன்ல ஓட்டறீங்க?" என்று கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வெளிநோயாளிப் பிரிவு கிடையாது. காலையில் உட்கார்ந்தேன்.

புதிய வெர்ஷனுக்குள் பழைய விவரங்களை ஏற்றும்போது வேலை நின்றுவிட்டது. பூஜ்யத் தேதி செல்லாது என்றது. தள்ளிவிட்டு மேலே போனால் அடுத்த ஆளிடம் நின்றது, அதற்கடுத்த ஆளிடமும் நின்றது. கவுண்ட்டர்காரர்களின் சோம்பேறித்தனம் என்று நானே முடிவு கட்டினேன். ஒரே வரிக் கட்டளையில் அத்தனை பூஜ்யங்களையும் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி ஒன்றாம் தேதியாக மாற்றினேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஏறியது. பழைய டேட்டாபேஸை அழித்து இடத்தைக் காலி செய்தேன். புதிய வெர்ஷனின் எண்ணை ஒரு தாளில் பெரிதாக அச்சடித்து சர்வர் அறைக் கதவில் ஒட்டினேன். மேடம் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒட்டினேன். அந்த அற்பத்தனத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திங்கட்கிழமை காலை, நான் கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்தபோது, மேடம் வேளாங்கண்ணி பஸ்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் துணிப்பை, தலையில் புது மொட்டை, அதன் மேல் சேலைத் தலைப்பு. வராந்தாவில் ஒரு மாமியாரும் மருமகளும் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மேடத்துக்கு எப்போதும் சீட்டைப் பார்க்கிற பழக்கம். இரண்டு சீட்டிலும் ஒரே வயது. பையை அங்கேயே போட்டுவிட்டு கவுண்ட்டருக்கு ஓடினார். "யாரு கை வெச்சது?" என்று அவர் கேட்ட குரலை அதற்கு முன்போ பின்போ நான் கேட்டதில்லை.

வயது தவறாக அச்சானது பெரிய விஷயமில்லை. எங்கள் பக்கத்தில் முனியம்மா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே ஊரில் மூன்று முனியம்மா இருப்பார்கள். அட்டையை யாரும் கொண்டுவருவதில்லை, பேரையும் ஊரையும்தான் சொல்வார்கள். பதிவுகளில் பேர், ஊர், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்த புரோகிராம் ஒரே ஆள் என்று எண்ணி, கடைசியாக வந்துபோனவரின் பதிவைத் திறந்துவிடும். தேதி பூஜ்யமாக இருந்தால் மட்டும், அது உண்மையான தேதி இல்லை என்பதால் நின்று, வீட்டுக்காரர் பேரைக் கேட்கும். நான் பூஜ்யத்தையெல்லாம் ஒரே தேதியாக்கியிருந்தேன். இனி அது யாரையும் நின்று கேட்காது.

யாருக்காவது தப்பான ஊசி போட்டுவிடப் போகிறார்களே என்று மேடம் ஊசி போடும் அறைக்குள் நுழைந்தபோது நானும் பின்னாலேயே போனேன். ஸ்டூலில் எங்கள் சிங்கவரத்து முனியம்மா உட்கார்ந்திருந்தார். என் தெருவுக்கு அடுத்த தெரு. காலில் மண்வெட்டி பட்ட காயம் சீழ்பிடித்திருந்தது. நர்ஸ் பென்சிலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வாமை எதுவும் இல்லை என்று சீட்டில் இருந்தது. அது வேறொரு சிங்கவரத்து முனியம்மாவின் பதிவு.

"ஆயா, உனுக்கு இந்த ஊசி ஒத்துக்காதே. போன தபா மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கி ரெண்டு நாள் படுத்திருந்தியே. சொல்லலியா?" என்றார் மேடம்.

முனியம்மா எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாம் சீட்டுல எழுதியிருக்கும்னு சும்மா இருந்துட்டேன் கண்ணு" என்றார்.

அந்த அம்மாளை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். என் அம்மாவோடு நடவுக்குப் போனவர்.

மேடம் என்னைத் திட்டுவதற்கு நேரம் செலவழிக்கவில்லை. கவுண்ட்டரை நிறுத்தினார். அன்று முழுக்க காகிதச் சீட்டு என்றார். தானே வரிசையின் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் எந்த மருந்து ஒத்துக்காது என்று வாயால் கேட்டு, சிவப்பு மையில் எழுதி அனுப்பினார். பழசுக்குத் திரும்ப என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அவரிடம் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மொத்தத்தையும் ஒரு சிறிய டிஸ்க்கில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். விடுப்பில் போன அந்த வாரமும் அவர் சொல்லிவிட்டுப் போனபடி செல்வி சனிக்கிழமை நகலெடுத்து ராயப்பனிடம் கொடுத்திருந்தார். ராயப்பன் பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார். மத்தியானம் இரண்டரை மணிக்குப் பழைய வெர்ஷன் எழுந்து உட்கார்ந்தது.

சாயங்காலம் நிர்வாகியின் அறையில் விசாரணை. வேலை போய்விட்டது என்று தீர்மானித்துத்தான் போனேன். மேடம் முந்திக்கொண்டார். "சார், இதுல பாதி தப்பு என்னுது. பூஜ்யம் போடறது என் ஏற்பாடு. எதுக்குப் போடறோம்னு நான் எங்கயும் எழுதி வெக்கல. எழுதி வெச்சிருந்தா மணி சார் அதுல கை வெச்சிருக்க மாட்டாரு." நிர்வாகி ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, "கதவுல ஒட்டியிருந்த பேப்பரை நான் கிழிக்கல. நீங்களே கிழிச்சுடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அடுத்த வாரமே ஒரு பெரிய நோட்டு வாங்கினார். அந்த சர்வரில் இருக்கும் ஒவ்வொரு வினோத வழக்கத்தையும், அது ஏன் வந்தது என்பதையும் எழுதத் தொடங்கினார். எனக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். நான் செய்வதை நானும் எழுத வேண்டும். சரியாக எழுதாவிட்டால் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். இந்த வயதில் வீட்டுப்பாடம் எழுதிய ஆள் செஞ்சியில் நான் ஒருவன்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு நான் கோழையாகிவிட்டேன். சர்வர் அறைக்குப் போனாலே கை கூசும். வருடங்கள் ஓடின. சர்வரின் பாகங்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. ரேம் மெமரி செஞ்சியில் கிடைக்காமல், சென்னையில் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கி வருவேன். புதிய கம்ப்யூட்டர் எதிலும் அந்த வெர்ஷன் ஏறாது. ஆனாலும், "ஓடுதே மேடம், இருக்கட்டும்" என்பேன். ஒருநாள் மேடம் என்னை எதிரே உட்காரவைத்துவிட்டு, "மணி சார், மாத்தணும்" என்றார்.

நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

"ஓடுதுன்னு விட்டு வெச்சேன். சரி. இப்ப இதை ஓட வெக்கிறதே நம்ம ரெண்டு பேருக்கும் வேலையாப் போச்சு. போன மாசம் நீங்க மூணு தபா மெட்ராஸ் போனீங்க. அப்புறம் லேப் ரிசல்ட்டை பேஷண்ட்டு போனுக்கே அனுப்பணும்னு டாக்டருங்க கேக்கறாங்க. அதுக்கு இன்டர்நெட் வேணும். வாசக்கதவே இல்லாத வூட்டுக்குப் பூட்டு எதுக்குன்னு இருந்தேன். இப்ப கதவு வெக்கப் போறோம். பூட்டு ஒடைஞ்சிருக்குதுன்னு தெரிஞ்சே வெக்கலாமா?"

"மேடம், முனியம்மா..." என்றேன்.

"அதுக்காவத்தான் சொல்றேன். இது ஒருநாள் அதுவா நின்னு போச்சுன்னா அவசரத்துல மாத்துவோம். அவசரத்துல மாத்தினா இன்னா ஆவும்னு நமக்குத் தெரியும்."

ஏற்பாட்டுக்கு ஒரு வருடம் எடுத்துக்கொண்டார். முதலில் பூஜ்யங்களுக்கு வழி செய்தோம். புரோகிராமைத் திருத்த விழுப்புரத்திலிருந்து ஒருவரைப் பிடித்து, பிறந்த தேதிக்குப் பக்கத்தில் "தெரியாது" என்று ஒரு கட்டம் வைத்தோம். அதை அழுத்தினால் தேதி கேட்காது, உத்தேச வயதையும் வீட்டுக்காரர் பேரையும் கேட்கும். பிறகு இன்னொரு கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்த்தோம். மாற்றுவது ஒரு முறை, பழசுக்குத் திரும்புவது ஒரு முறை. மேடம் கையில் கடிகாரத்தோடு உட்காருவார். முதல் ஒத்திகையில் திரும்ப ஐந்து மணி நேரம் ஆனது. ஆறாவது ஒத்திகையில் ஐம்பது நிமிடம். "இன்னும் கொறைக்கலாம்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கை கூசுவது நின்றிருந்தது. அதற்காகத்தான் இத்தனை ஒத்திகை வைத்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாம்.

மாற்றும் நாளுக்கு அவர் வைத்த நிபந்தனை இந்த உலகத்தில் எந்த சர்வருக்கும் வைக்கப்பட்டிருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஷேர் ஆட்டோக்கள் வந்து நின்றன. உள்ளேயிருந்து பன்னிரண்டு முனியம்மாக்கள் இறங்கினார்கள். சிங்கவரத்திலிருந்து மூன்று பேர், பனமலையிலிருந்து நான்கு பேர், மற்றவர்கள் சுற்று வட்டாரம். யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. ஒவ்வொருவராக கவுண்ட்டருக்கு வந்து பேரைச் சொல்வார்கள். புதிய வெர்ஷன் சரியான முனியம்மாவின் பதிவை எடுக்க வேண்டும். பன்னிரண்டும் சரியாக வந்தால்தான் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி இதில் திறக்கும்.

வந்தவர்களுக்குப் பொங்கலும் டீயும் கொடுத்தோம். "நோவு ஒண்ணும் இல்லாத ஆஸ்பத்திரிக்கு வந்து பொங்கல் துன்னது இதான் மொத தடவ" என்று ஒரு முனியம்மா சொல்லிச் சிரித்தார். வரிசையில் முதலில் நின்றவர் எங்கள் தெருப்பக்கத்து முனியம்மா. மேடம்தான் அவரை முதலில் நிறுத்தியிருந்தார். செல்வி பேரைத் தட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் பென்சிலின் கூடாது என்று வந்தது. நான் மூச்சு விட்டேன். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

மற்ற பதினொன்றும் சரியாக வந்தன, ஒன்பதாவது முனியம்மாவிடம் மட்டும் தவறியது. பனமலையில் இரண்டு முனியம்மாக்களுக்கு வீட்டுக்காரர் பேரும் ஒன்றாகவே இருந்தது. இரண்டு பேருமே கோவிந்தன். பழைய வெர்ஷனிலும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது, செல்வி முகத்தைப் பார்த்தே சமாளித்து வந்திருக்கிறார்.

"மேடம், இது வெர்ஷன் மாத்தினதால வந்த கோளாறு இல்ல. பழசுலயும் இருந்துச்சு. இதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"செல்வி லீவு போட்ட அன்னிக்கு யாரு மூஞ்சியைப் பாத்து சொல்லுவாங்க? பன்னெண்டும் சரியா வரணும்னு நாமதானே சொன்னோம். பதினொண்ணு வந்திருக்குது. திருப்புங்க."

ஒரு வருட உழைப்பு. எனக்குக் கோபத்தில் கண் சிவந்துவிட்டது. ஏதோ கடுமையாகப் பேசியும் விட்டேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிங்க" என்றார். முப்பத்தைந்து நிமிடத்தில் பழசு வந்துவிட்டது. அதற்குள் இரண்டு பனமலை முனியம்மாக்களும் தங்களுக்குள் பேசித் தீர்வு கண்டுபிடித்திருந்தார்கள். "அவ கோயில் தெரு, நான் ஏரிக்கரைத் தெரு. தெருவையும் எழுதிக்கோயேன் கண்ணு" என்றார் ஒருவர். இத்தனை படித்த எங்களுக்கு அது தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே ஷேர் ஆட்டோக்கள், அதே பொங்கல். பன்னிரண்டும் சரியாக வந்தன. திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வழக்கம்போலத் திறந்தது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறும்போது கால் பிசகிய சுற்றுலாப் பயணி ஒருவர் முதல் நோயாளி. எதுவுமே மாறவில்லை என்பதுபோல எல்லாரும் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பதில் மேடத்துக்கு அத்தனை சந்தோஷம். அன்று சர்வர் அறைக்குள்ளேயே உட்கார்ந்து மல்லாட்டை சாப்பிடலாம் என்று எனக்கு அனுமதி கொடுத்தார். தோலைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அதன்பிறகு வெர்ஷன் மாற்றுவது எங்களுக்கு ஒரு வழக்கமாயிற்று. கைவிடப்படும்வரை காத்திருக்காமல் இரண்டு முறை மாற்றினோம். இரண்டு முறையும் முனியம்மாக்கள் வந்தார்கள். இரண்டாவது முறை ஒன்பது பேர்தான் வர முடிந்தது. மேடம் மூன்று பேர் வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனார், நானும் கூடப் போனேன்.

மேடத்தைத் திங்கட்கிழமை அவர் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். ஊரே திரண்டிருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

மேடமும் எங்கள் ஆஸ்பத்திரியின் நோயாளிதான். சர்க்கரைக்கு மாதாமாதம் மருந்து வாங்குவார். ஒரு நோயாளி இறந்துவிட்டால் அவருடைய பதிவை மூட வேண்டும். செல்வி என்னைக் கூப்பிட்டார். "சார், இறந்த தேதி கேக்குது. சனியா, ஞாயிறா?"

சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவரை, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ராயப்பன் எழுப்பிப் பார்த்திருக்கிறார். உயிர் போய்ப் பல மணி நேரம் ஆகியிருக்கும், பன்னிரண்டுக்கு முன்பா பின்பா என்று சொல்ல முடியாது என்று டியூட்டி டாக்டர் சொன்னாராம். சான்றிதழில் அவர் ஒரு தேதி போட்டுத்தான் ஆகவேண்டும், போட்டிருந்தார். "அதையே அடிச்சுடும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. பிறந்த தேதிக்கு "தெரியாது" என்று ஓர் இடம் வைத்த நானும் மேடமும் இறந்த தேதிக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று யோசிக்கவே இல்லை.

உடனே உட்கார்ந்து மாற்றியிருக்க முடியும், பத்து நிமிட வேலை. மாற்றவில்லை. புதன்கிழமை ஒத்திகை கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைச் சேர்த்தேன். வியாழக்கிழமை பழசுக்குத் திரும்பிப் பார்த்தேன், பதினொரு நிமிடம். நோட்டில் எதற்காக என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிநோயாளிகள் போன பிறகு சர்வரில் ஏற்றினேன். அதுவரை மேடத்தின் பதிவு திறந்தே இருந்தது. வியாழக்கிழமை காலை அச்சான சர்க்கரை நோயாளிகள் பட்டியலில், அந்த மாதம் மருந்து வாங்க வரவேண்டியவர்கள் வரிசையில், அவர் பெயரும் வந்தது. செல்வி அதை என்னிடம் காட்டினார். இரண்டு பேரும் அதை அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் செல்வி கட்டத்தை அழுத்தினார். "இறந்த தேதி: தெரியாது. சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில்" என்று எழுதினோம். பதிவு மூடிக்கொண்டது.

மேடம், உங்கள் பேரில் பொய்த் தேதி எதுவும் எழுதவில்லை. போய் வாருங்கள்.